செம்பு மூழ்கும் அளவு தண்ணீர்

'ஒரு நிமிடம் பொறுங்கள்' என்று சொல்வதற்காகத்தான் லிம் வலது கையைத் தூக்கினார். தூக்கிய கை கீழே இறங்குவதற்குள் பூசாரி அதைப் பிடித்து, மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றை மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். உறுமி முழங்கியது. கோயில் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

லிம் என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். என் கையிலும் ஒன்று இருந்தது.

"மாலா, இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"காப்பு," என்றேன். சொன்னதுதான் தாமதம், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க மூக்கு வழியாக வந்தது. என்னை வேலைக்கு வைத்த கம்பெனியின் பெரிய எஞ்சினியர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சிரித்தால் வேலை போய்விடும் என்று தெரிந்தும் நிற்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாதம், சிகாமட் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயிலில் நடந்தது இது. அன்று நாங்கள் அங்கே போனது சாமி கும்பிட இல்லை. நீர்மின் நிலையத்தைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்கப் போனோம்.

கேட்பதற்குச் சம்பளம்

என் தொழிலைப் பற்றி இந்தத் தொடரில் அங்கங்கே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் போன வாரம் ஒரு வாசகி, "அக்கா, நீங்க உண்மையிலேயே என்ன வேலைதான் செய்யறீங்க?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் மாமியாருக்கே இன்னும் புரியவில்லை.

யாராவது ஓர் ஆற்றையோ காட்டையோ தொடப் போகிறார்கள் என்றால், அதன் அருகில் இருக்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். அது விதி. கேட்கிறவள் நான். ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே ஒரு பேக்கரி இருந்தது. நாள் முழுக்க பாண்டான் கேக் வாசனையில் உட்கார்ந்து சுற்றுச்சூழல் அறிக்கை எழுதினால் எந்த அணையும் நல்ல அணையாகத்தான் தோன்றும்.

இந்த வேலைக்கு எனக்குப் பயிற்சி கொடுத்தது பல்கலைக்கழகம் என்று என் சான்றிதழ் சொல்கிறது. பொய். பயிற்சி எங்கள் வீட்டில் நடந்தது. அப்பா யாழ்ப்பாணத்து வழி, பரம்பரையாகக் கிராணி, அதாவது கணக்கர் வேலை பார்த்த குடும்பம். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். வாசலுக்கு என்ன நிறத் திரைச்சீலை போடுவது என்று பேச்சு வந்தால் போதும். "எல்லாரும் தங்கட தங்கட விருப்பத்தை எழுத்தில தாங்கோ" என்பார் அப்பா. "எழுத்தாம் எழுத்து! வாய் இருக்கில்ல, கேட்டாத் தேய்ஞ்சா போயிடும்?" என்று அடுப்படியிலிருந்து அம்மா. நடுவில் நான் இரண்டு பக்கமும் ஓடி ஓடிச் சமாதானம் பேசினேன். அதைத்தான் இப்போதும் செய்கிறேன், காசு வாங்கிக்கொண்டு.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். வரைபடத்தில் அதற்கு ஒரு மலாய்ப் பெயர் இருக்கிறது. நம் ஆட்கள் அதைக் கோயில் ஆறு என்பார்கள். மலையடிவாரத்தில் ஒரு சின்னத் தடுப்பணை. அங்கிருந்து ஒரு பெரிய குழாய் தண்ணீரை எடுத்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக இறங்கி, கீழே மின்நிலையத்தில் போய்ச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, தண்ணீரைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடும். புகை இல்லை, கரி இல்லை. நல்ல திட்டம்தான்.

ஒரே ஒரு சிக்கல். அணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவில் ஆறு மெலிந்துபோகும். அந்த நடுவில்தான் கோயில் இருக்கிறது.

யாரும் இல்லை

அதுவரை கம்பெனி பாதித் தண்ணீரைத்தான் எடுத்தது. இனிமேல் காய்ந்த மாதங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுக்க அனுமதி கேட்டது. அதற்கு முன் ஒரு சோதனை: ஒரு வாரம் முழுத் தண்ணீரையும் குழாயில் விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் முன் மக்கள் கூட்டம்.

கூட்டத்தை எங்கே வைப்பது? எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்களை மண்டபத்துக்குக் கூப்பிட்டால் நாற்காலிகள்தான் வரும். ஆட்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்துக்கு நாம் போய்விட வேண்டும். கோயில் தலைவருக்குப் போன் போட்டேன். "ஆடி வெள்ளிக்கு வாங்கம்மா, ஊரே இருக்கும்" என்றார். அன்றைக்கு என்ன விசேஷம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்!

போய் இறங்கினால் வாழைமரம், தோரணம், உறுமிமேளம். ஊரே இருந்தது. மலாய்க் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, அதன் தலைவர் பெங்ஙுலு வந்திருந்தார். மலைப்பக்கத்துப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். எல்லாருக்கும் கேசரியும் வடையும் கோப்பியும் கொடுத்துத்தான் பேசவே விட்டார்கள்.

லிம் பேசினார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, யோங் பெங்கில் பிறந்தவர். சாதாரணமாகப் பேசவே கூச்சப்படுவார். தண்ணீர்ச் சக்கரம் என்று ஆரம்பித்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். "ஆறு சும்மாதான் ஓடுது. அது ஓடுற ஓட்டத்துலயே லைட் எரியுது. இதைவிடச் சுத்தமான கரண்ட் எங்க இருக்கு?" என்று மலாயில் அவர் கேட்டபோது எனக்கே எழுந்து கை தட்டலாம் போல இருந்தது.

பெங்ஙுலு வெள்ளத்தைப் பற்றிக் கேட்டார். சிகாமட் பக்கம் வேறு எதைக் கேட்பார்கள்? மழைக்காலத்தில் அணைக் கதவைத் திறந்தால் முன்னாடியே சொல்லுவீர்களா என்றார். சைரன் வைத்திருக்கிறோம் என்றார் லிம். ஓராங் அஸ்லி பெரியவர் வடையை நிதானமாக முடித்துவிட்டு, "மீனுக்கும் அழைப்பு அனுப்பினீங்களா?" என்று கேட்டார். மீன் ஏறுவதற்கு அணையில் படி கட்டியிருப்பதை லிம் படம் போட்டுக் காட்டினார். பெரியவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, நான் அறிக்கையின் வரைவைத் தமிழில் வாசிக்கும் வரைக்கும். அதில் ஒரு வரி: அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடையே ஆற்று நீரைப் பயன்படுத்துவோர் யாரும் இல்லை.

"யாரும் இல்லையா?"

பின்னாலிருந்து வந்தது குரல். பள்ளி வேன் ஓட்டும் தனம் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். வேனில் ஹாரன் பழுதானால்கூடப் பரவாயில்லை, அவர் கூப்பிட்டாலே போதும்.

"அப்ப நாங்க யாரு லா? இங்க நிக்கிறது ஆளா, வாழைமரமா?"

அந்தப் பகுதியில் வீடுகள் இல்லை, தோட்டம் இல்லை, குடிக்க யாரும் தண்ணீர் எடுப்பதில்லை, அதைத்தான் அப்படி எழுதியிருக்கிறோம் என்று நான் விளக்கினேன்.

"தங்கச்சி, இங்க பாரு," என்று தன் கணவரைக் காட்டினார் தனம் அக்கா. நாற்காலியில் ஒரு மெலிந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "இவருக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேசன் பண்ணாங்க. டாக்டரே கையை விரிச்சுட்டார். தாயே, இவரைத் திருப்பிக் குடு, உன் கரகத்தை நான் தூக்குறேன்னு வேண்டிக்கிட்டேன். குடுத்துட்டா. இந்த வருசம் கரகம் என்னுது. ஆத்துல பாலிக்கணும். தண்ணி இல்லாம என்னத்தைப் பாலிக்கிறது?"

தெரியாதவர்களுக்காக: கோயில் படித்துறையில், ஓடுகிற தண்ணீரில் செம்பைக் கழுத்துவரை அமிழ்த்த வேண்டும். அது தானாக நிறைய வேண்டும். அள்ளி ஊற்றக் கூடாது. அதைத்தான் பாலிப்பது என்பார்கள். அதுதான் அந்த ஊர் வழக்கம். அந்தச் செம்பில்தான் வேப்பிலையும் பூவும் கட்டிக் கரகம் சோடிப்பார்கள். லிம்மின் சோதனை வாரமும் கரகத்து நாளும் ஒன்றாக வந்து நின்றன.

நான் மொழிபெயர்த்தேன். லிம்முக்கு முகம் வாடிவிட்டது. நாளை மாற்ற முடியாது, காய்ந்த வாரம் இதுதான் என்றார். பிறகு உதவி செய்வதாக நினைத்து என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு யோசனை சொன்னார். "லோரியில தண்ணி கொண்டுவந்து தரலாமே?"

அலமாக்! அதை ஏன் நான் மொழிபெயர்த்தேன்?

"அம்மனுக்கு லோரித் தண்ணியா!" என்று மண்டபமே எழுந்தது. ஒருவர் மேசையைத் தட்டினார். கேசரித் தட்டு கீழே விழுந்தது. லிம் எல்லாரையும் அமைதிப்படுத்த, ஒரு நிமிடம் என்று கையைத் தூக்கினார்.

முதல் வரிசை

அன்றைய விசேஷம் காப்புக் கட்டு. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பூசாரி அவ்வளவு நேரமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தக் கோயிலில் காப்புக் கட்டிக்கொள்கிறவர்கள் முதல் வரிசையில் உட்கார வேண்டும். முதல் வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டினால் கேள்வியே கிடையாது, கட்டிவிடுவார்கள். எங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்தது கோயில் தலைவர். லிம் கையைத் தூக்கினார். நான் என்னடா இது என்று தடுக்கக் கையை நீட்டினேன். இரண்டு கைக்கும் முடிச்சு விழுந்தது.

சண்டை போட்ட கூட்டம் அப்படியே நின்றது. காப்புக் கட்டியவரிடம் கோபமாகப் பேசக் கூடாதாம். தனம் அக்கா வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய்க்குள் சிரிப்பு முட்டுவது எனக்குத் தெரிந்தது.

"என்ன செய்யணும் இதுக்கு?" என்று லிம் கேட்டார்.

தனம் அக்காவே மலாயில் சொன்னார். இறைச்சி கூடாது, மீன் கூடாது, குடி கூடாது. ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. கரகத்தன்று காப்புக் கட்டியவர்கள் எல்லாரும் படித்துறையில் இறங்கி நிற்க வேண்டும். "இஷ்டம் இல்லைன்னா அவுத்துடலாம், பரவால்ல. ஆனா அம்மன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்று முடித்தார்.

லிம் வெளியே போய் அவர் அம்மாவுக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரம் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ கெஞ்சினார். திரும்பி வந்தபோது காதுவரை சிவந்திருந்தது. "எந்த சாமி கயிறா இருந்தாலும் அறுக்கக் கூடாதாம். அறுத்தா வீட்டுக்கே வராதேன்னு சொல்றாங்க," என்றார்.

முட்டை சாப்பிடலாமா?

லிம் சோதனைக்காக எப்படியும் சிகாமட்டில்தான் தங்கப் போகிறார். நான்தான் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போன் செய்தால் என் கணவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் சாமி கும்பிடுகிறவள்தான், ஆனால் பொரித்த கோழியையும் கும்பிடுகிறவள். நான் தங்கிய ஓட்டலுக்குக் கீழேயே நாசி ஆயாம், கோழிச் சோற்றுக் கடை. காலையில் படியிறங்கினாலே மணம் மூக்கைப் பிடித்து இழுக்கும்.

லிம் ஒவ்வொரு வேளையும் போன் செய்வார். "மாலா, முட்டை?" கூடாது. "சிப்பிச் சாறு ஊத்தின கீரை?" கூடாது. "மீ சூப், கோழி இல்லாம, சூப் மட்டும்?" அந்த சூப் எதில் கொதித்தது என்று நினைக்கிறீர்கள் என்று நான் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. கடைசியில் தனம் அக்காவுக்கே பாவமாகப் போய்விட்டது. வேனை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் தப்பாவ், அதாவது பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். யாருடைய சோதனை தன் கரகத்தைக் கெடுக்கப் போகிறதோ அவருக்கே சோறு!

"கோபம் இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"கோபம் நெறைய இருக்கு. ஆனா காப்புக் கட்டுன ஆளைப் பட்டினி போட்டா அது என் தலையில விடியும் லா. மொதல்ல சாப்பிடட்டும்." வண்டியைக் கிளப்பிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தங்கச்சி, அடுத்த வருசம் தூக்குறேன்னு அம்மன்கிட்டத் தவணை கேக்க முடியுமா? அடுத்த வருசம் அந்த மனுசன் எப்படி இருப்பாரோ."

அப்போதுதான் எனக்கு விளையாட்டு போய்விட்டது. லிம்முக்கும் அதை அப்படியே சொன்னேன். அவர் கையிலிருந்த கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார்.

கல்லின்மேல் செம்பு

கரகத்து நாள் காலை, கோயில் ஆறு ஆறாகவே இல்லை. கூழாங்கற்களுக்கு நடுவில் ஒரு தண்ணீர்க் கோடு. படித்துறையின் கடைசிப் படி அந்தரத்தில் நின்றது. உறுமிமேளம் அடித்துக்கொண்டு வந்தவர்கள் அதைப் பார்த்ததும் ஒருவர் பின் ஒருவராகக் கையை நிறுத்தினார்கள்.

மஞ்சள் புடவையில் தனம் அக்கா இறங்கினார். காப்புக் கட்டியவர்கள் நாங்களும் இறங்கினோம். லிம் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். நனைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

தனம் அக்கா செம்பை அந்தக் கோட்டில் வைத்தார். அது கல்லின்மேல் டங்கென்று உட்கார்ந்தது. சாய்த்துப் பார்த்தார். அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம். இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் டங். கரையில் நாற்காலியில் இருந்த அவர் கணவர் எழுந்து நின்றுவிட்டார். "விடு தனம், போதும் வா," என்றார். தனம் அக்கா வரவில்லை. மூன்றாவது இடத்தைத் தேடினார். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

லிம் அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, அக்காவிடம் கையால் அனுமதி கேட்டுவிட்டு, செம்பின் அடியிலிருந்து கழுத்துவரை அளந்தார். போனை எடுத்தார்.

"புக்கா பிந்து. செகாராங்," என்றார். கதவைத் திற, இப்பவே.

அந்தப் பக்கம் அணைக்காரர் என்னவோ கேட்டார். சோதனை கெட்டுவிடும் என்றிருக்க வேண்டும். லிம் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒரு முறைதான். "நான் முட்டைகூடச் சாப்பிடாம இருக்கேன்! தெரியுமா உனக்கு? திற! முதல்ல சைரன் அடி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் திற!"

போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் அந்த நிமிடம் வெளியே வந்தது. "ஏறு! ஏறு! எல்லாம் மேல ஏறு!"

ஏறினோம். தூரத்தில் சைரன் ஊளையிட்டது. உறுமிக்காரர்களுக்கு அது போதாதா? சைரனுக்குப் பதில் சொல்லி அடித்தார்கள் பாருங்கள் ஓர் அடி! கரையில் நின்ற கிழவர்கள்கூட ஆட ஆரம்பித்தார்கள். தண்ணீர் உடனே வரவில்லை. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தோம். லிம் நகத்தைக் கடித்தார். முதலில் ஒரு சலசலப்பு. பிறகு வளைவில் பழுப்பு நுரை. பிறகு காய்ந்த இலையையும் குச்சியையும் தள்ளிக்கொண்டு, பள்ளி விட்ட பிள்ளைகள் மாதிரி கூச்சல் போட்டுக்கொண்டு வந்தது ஆறு.

தண்ணீர் அடங்கித் தெளியும் வரை லிம் யாரையும் இறங்க விடவில்லை. தானே முதலில் இறங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டினார். தனம் அக்கா இறங்கினார். செம்பை வைத்தார். அது ஒரு முறை சாய்ந்தது, குளுக் குளுக்கென்று குடித்தது, கழுத்துவரை மூழ்கியது.

குலவைச் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப்போனது. நான் அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதீர்கள். லிம் தண்ணீரில் நின்றபடியே கை தட்டிக்கொண்டிருந்தார். வேப்பிலையும் பூவும் கட்டிய கரகம் தனம் அக்காவின் தலைக்கு ஏறியது. வழிநெடுக ஒவ்வொரு குடும்பமும் கரகம் தூக்கியவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அங்கே வீடு இல்லாத லிம், காரிலிருந்து, பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் வாளியைக் கொண்டுவந்து, நிறைய ஆற்றுத் தண்ணீர் மொண்டு, தனம் அக்காவின் காலில் ஊற்றினார். மஞ்சள் போட மறந்துவிட்டார். தனம் அக்கா கரகத்தின் கீழிருந்து கண்ணாலேயே சிரித்தார்.

பயன்படுத்துவோர்

மறுவாரம் லிம்மின் மேலாளர் அவரைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார். ஒரு வாரச் சோதனை பாழ் என்றார். பாழ் இல்லை, இதுதான் சோதனையின் முடிவு என்று லிம் சொன்னாராம். பேச்சு பல நாள் நீண்டது. தலைமை அலுவலகத்துக்கு நானும் அவரும் போய் வந்தோம். அனுமதி கடைசியில் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: எந்த மாதமானாலும் கோயில் படித்துறையில் செம்பு கழுத்துவரை மூழ்கும் அளவு தண்ணீர் ஓட வேண்டும். கொஞ்சம் மின்சாரம் குறையும். குறையட்டும் என்றார்கள். கடைசிப் படியில் இப்போது ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. லிம் அளந்த அளவு அது.

அந்த அறிக்கையைத் திருத்த அவர் ஸ்கூடாய்க்கு வந்தார். கீழே பேக்கரியில் முட்டை போட்ட கேக்கைத் தேடிப் பிடித்து வாங்கி, ஒரு வாய்க்கு ஒரு முறை கண்ணை மூடிச் சாப்பிட்டார். நான் கணினியில் அந்தப் பழைய வரியைத் தேடினேன். 'யாரும் இல்லை' என்பதை அழித்தேன். பயன்படுத்துவோர்: கோயில் மக்கள் என்று அடித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"மலையிலிருக்கிற ஓராங் அஸ்லி ஆட்களையும் அந்த மீனையும் அணைக்கு மேல இருக்கிற பட்டியல்ல முன்னாடியே போட்டாச்சு. வேற யாரு?"

லிம் கேக்கைக் கீழே வைத்தார். சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டார். விழா முடிந்து எப்போதோ அவிழ்த்திருக்க வேண்டிய கயிறு, சாயம் போய், அங்கேயே இருந்தது.

"ஒரு ஆளைச் சேர்த்துக்கோ, மாலா."